குளிர்காலம் முடிந்தபின் குளத்தின் காற்றுப் பம்பை எப்போது மீண்டும் இயக்க வேண்டும்? (தென்னாப்பிரிக்காவின் மேட்டுநிலமான ஹைவெல்ட், கோய்க் குளம்)

1. மிட்ராண்ட்_புதியவன் | ஆகஸ்ட் 8, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். சென்ற பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்டில் ஒரு வீடு வாங்கினோம். வீட்டோடு ஒரு கோய்க் குளமும் (கோய் என்பது வண்ணக் கெண்டை மீன்) பதினொரு மீன்களும் எங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தன. குளம் ஏறத்தாழ 12,000 லிட்டர் கொள்ளும். ஆழமான இடத்தில் 1.4 மீட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றுத் தரும் பம்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நான்கு குழாய்கள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஒரு காற்றுக்கல் கட்டப்பட்டு, நான்கும் குளத்தின் அடித்தரையில் கிடக்கின்றன.

வீட்டை விற்றவர் பம்பின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மே மாதக் கடைசியில் காற்றுப் பம்பை நிறுத்த வேண்டும் என்றும், செப்டம்பர் 1 அன்று மீண்டும் போட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன். ஃபில்ட்டர் பம்பு மட்டும் குறைந்த வேகத்தில் ஓடுகிறது; அது நடுமட்டத்திலிருந்து நீரை இழுத்து மேற்பரப்பில் விடுகிறது.

இந்த வாரம் பகலில் 21 டிகிரி வரை ஏறுகிறது, இரவில் 3 டிகிரிக்கு இறங்குகிறது. நண்பகலில் மீன்கள் மெல்ல மேலே வந்து பார்க்கின்றன. இணையத்தில் தேடினால், பனிக்கட்டி உருகியதும் பம்பைப் போடு என்கிறார்கள் சிலர். நீர் 10 டிகிரியைத் தொடட்டும் என்கிறார்கள் வேறு சிலர். என் குளத்தில் பனிக்கட்டியே கட்டவில்லை. இரண்டு நாள் விடியற்காலையில் ஓரங்களில் மெல்லிய ஏடு படிந்தது, எட்டு மணிக்குள் அது மறைந்துவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று கேட்டு மதுரையில் வளர்ந்தவனுக்கு, ஆடி மாதத்தில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதே இன்னும் பழகவில்லை. செப்டம்பர் 1 வரை காத்திருக்கலாமா, இப்போதே போடலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

2. பெனோனி_கோய்க்காரர் | ஆகஸ்ட் 9, காலை 6.40

தம்பி, செப்டம்பர் 1 என்பது இந்நாட்டில் வசந்தம் பிறந்ததாகக் கொண்டாடுகிற நாள். பள்ளிப் பிள்ளைகள் பூப்போட்ட சட்டை அணிந்து செல்வார்கள். குளத்துக்கு அந்த நாள் தெரியாது. எனக்குக் குளம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஓர் ஆண்டு மட்டுமே நாட்காட்டியைப் பார்த்துப் பம்பைப் போட்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019இல் மூன்று மாதம் முழுக்க நிறுத்தி வைத்திருந்துவிட்டு, செப்டம்பர் முதல் நாள் காலையில் நான்கு கற்களையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் திறந்தேன். கற்கள் அடிச்சகதிக்குள் புதைந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் குளம் காப்பி டிகாக்ஷன் நிறமாகிவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் சமையலறை வரை வந்தது. சற்று நேரத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்து வேலைக்குப் போனேன். மறுநாள் விடியலில் ஐந்து மீன்கள் மிதந்தன; அவற்றில் ஒன்று என் மகள் பிறந்த ஆண்டில் வாங்கியது.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: வெப்பம் ஏறும்போது மீனுக்குப் பசி வருவதற்கு முன்பே சகதிக்குப் பசி வந்துவிடுகிறது. அதில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல விழித்து ஆக்சிஜனைத் தின்னத் தொடங்குகின்றன. மீன் இன்னும் அசையாமல் கிடக்கிறதே, அவசரமில்லை என்று நாம் நினைக்கும் நாட்களில்தான் அடியில் கணக்கு மாறத் தொடங்குகிறது. எனவே செப்டம்பர் தாமதம் என்பது என் கருத்து. ஆனால் இன்றே எல்லாவற்றையும் திறந்துவிடுவது அதைவிட மோசம்.

முதலில் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கி, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அடியிலும் மேலிலும் அளந்து சொல்லுங்கள். பிறகு ஒரு நீண்ட குச்சியை அடித்தரையில் மெதுவாக ஊன்றி எடுத்து, சகதி எவ்வளவு கனம், எப்படி நாறுகிறது என்று பாருங்கள்.

3. மிட்ராண்ட்_புதியவன் | ஆகஸ்ட் 11, இரவு 8.05

மிக்க நன்றி ஐயா. நேற்றும் இன்றும் அளந்தேன். காலை ஆறு மணிக்கு மேலும் கீழும் ஒன்றுபோலவே 8.5 டிகிரி காட்டுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பரப்பில் 13, அடியில் 9.5.

சகதி நான் நினைத்ததைவிட அதிகம். ஆழமான மூலையில் ஏறக்குறைய ஒரு சாண், கரிய நிறம், குச்சியை எடுத்ததும் நீங்கள் சொன்ன அதே முட்டை நாற்றம். மதில் ஓரத்தில் ஒரு ஜகரண்டா மரம் இருக்கிறது. ஜூலைக் கடைசியிலிருந்து அதன் சிறிய இலைகள் மழைபோல் கொட்டுகின்றன. வலையால் அள்ளி மாளவில்லை.

4. பெனோனி_கோய்க்காரர் | ஆகஸ்ட் 12, காலை 6.20

ஜகரண்டாவின் கீழ்க் குளம் வெட்டியவரை என்ன சொல்வது! குளிர்காலத்தின் கடைசியில் இலை, அக்டோபரில் பூ என்று ஆண்டுக்கு இரண்டு முறை அது உங்களுக்கு வேலை வைக்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் கற்களைத் தரையிலிருந்து எடுத்து, மிதவையில் கட்டி, நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது தரையிலிருந்து அரை மீட்டராவது உயரத்தில் தொங்கவிடுவேன். சகதி இருக்கும் மூலையில் ஒரு கல்லும் வேண்டாம். முதல் நாள் நண்பகலில் ஒரே ஒரு கல்லை அரை மணி நேரம் மட்டும் ஓடவிட்டு, நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வருகின்றனவா என்பதையும் அருகிலிருந்து பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் இரண்டு மணி என்று இரட்டித்துக்கொண்டு போனால் ஏழாம் நாளில் முழு நாளும் ஓடும். இடையில் எந்த நாளிலாவது நீர் கலங்கினால் அன்று நிறுத்திவிட்டு, மறுநாள் முந்தைய நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கல்லை மட்டும் திறக்கும்போது மற்ற மூன்று வால்வுகளையும் இறுக்கி மூடிவிடாதீர்கள். காற்றுப் பம்பை நெரித்தால், உள்ளே அதிர்ந்து காற்றைத் தள்ளும் ரப்பர் தகடான டயாபிரம் கிழியும். மிஞ்சும் காற்றை ஒரு வால்வு வழியாக வெளியே போகவிடுங்கள்.

சகதியையும் ஒரே நாளில் அள்ளக் கூடாது. நாளுக்கு ஒரு பகுதியாக, கலக்காமல், உறிஞ்சும் குழாயால் எடுங்கள். எடுத்த நீருக்கு ஈடாகக் குழாய்நீரை விடுவீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு ராண்ட் வாட்டர் தரும் நீரில் குளோரமைன், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், இருக்கிறது. வெறும் குளோரினைப் போல அதை வாளியில் வைத்து ஆறவிட்டால் போகாது. சாதாரண குளோரின் நீக்கியைப் போட்டாலும் குளோரின் நீங்கி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா மிஞ்சும். ஃபில்ட்டரில் உள்ள பாக்டீரியாக்கள் 10 டிகிரிக்குக் கீழே மிக மந்தமாக இருப்பதால் அந்த அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. எனவே ஒரு நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

5. செஞ்சூரியன்_கணக்கன் | ஆகஸ்ட் 12, இரவு 10.30

ஐயாவின் திட்டத்தை நான் மறுக்கவில்லை. அதன் காரணத்தை மட்டும் சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காரணம் மாறினால் அடுத்த குளிர்காலத்தில் செய்ய வேண்டியதும் மாறும்.

காற்றுப் பம்பைக் குளிர்காலத்தில் நிறுத்துவதற்குப் பலரும் சொல்லும் காரணம், குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினால் நீர் குளிர்ந்துவிடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12,000 லிட்டர் நீரை ஒரே ஒரு டிகிரி குளிரவைக்க, ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் பம்பு இரவில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் செலுத்துவது 43 கன மீட்டர் காற்று மட்டுமே. அந்தக் காற்று பூஜ்ய டிகிரியில் நுழைந்து 10 டிகிரியில் வெளியேறுகிறது என்று வைத்து, அது ஏந்திச் செல்லும் நீராவியையும் சேர்த்துக்கொண்டாலும், இழக்கப்படும் வெப்பம் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அதாவது ஓர் இரவில் ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். குமிழி நீரைக் குளிரவைப்பதில்லை; மேகமில்லாத ஹைவெல்ட் வானமே குளிரவைக்கிறது.

அப்படியானால் அடியில் இருக்கும் சூடான நீரைக் குமிழிகள் மேலே கொண்டுவந்து அந்த வானத்துக்குக் காட்டிவிடுகின்றன என்பார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது சரி. நீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். எனவே அங்கே மேலே பனிக்கட்டி, அடியில் 4 டிகிரி என்று அடுக்கு உண்டாகி, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மீன் அந்த 4 டிகிரியில் ஒதுங்கிப் பிழைக்கிறது; அதைக் கலைக்கக் கூடாது. புதியவரின் அளவுகளைப் பாருங்கள்: விடியற்காலையில் மேலும் கீழும் 8.5. நீர் 4 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை, இரவில் குளிர்ந்த மேல்நீர் கனமாகித் தானே கீழே இறங்கிவிடும். நம் குளங்கள் ஒவ்வோர் இரவும் தம்மைத் தாமே கலக்கிக்கொள்கின்றன. காப்பாற்றுவதற்கு அடியில் ஒரு வெப்ப அடுக்கு இங்கே இல்லை.

ஆகவே நீரில் அடுக்கு இல்லை, சகதியில்தான் இருக்கிறது. நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்தச் சாண் கனத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஐயாவின் மீன்களைக் கொன்றது கால தாமதம் அன்று, கல் கிடந்த இடமே என்று நினைக்கிறேன். கற்கள் உயரத்தில் தொங்கியிருந்தால் செப்டம்பர் 1 அன்றும் ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொன்று. வெளிநாட்டுப் பக்கங்களில் உள்ள ஆக்சிஜன் அளவுகள் கடல்மட்டத்துக்கானவை. 20 டிகிரி நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 1750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 7.4 அளவில் நின்றுவிடும். 10 டிகிரியில் 11.3க்குப் பதில் 9.2. கோய் மீனுக்கு 6 இருந்தால் நிம்மதி என்று கொண்டால், கடலோரத்து டர்பன்காரருக்கு இருக்கும் இடைவெளியில் பாதிக்குக் கீழேதான் கோடையில் நமக்கு இருக்கிறது. வடக்கு அரைக்கோளத்து நாட்காட்டியை ஆறு மாதம் தள்ளிப் படித்தால் நமக்குப் பொருந்திவிடும் என்று எண்ணக் கூடாது.

6. பெனோனி_கோய்க்காரர் | ஆகஸ்ட் 13, காலை 6.10

கணக்கன் சொல்வது மனத்துக்குச் சற்று வலித்தாலும் சரியாகத்தான் படுகிறது. இத்தனை ஆண்டுகளாகக் குளிர் ஏறும் என்று சொல்லிக்கொண்டே நிறுத்தி வந்திருக்கிறேன். ஆனாலும் நிறுத்துவதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. 8 டிகிரியில் மீன் தின்பதில்லை. உடலில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டுதான் பிழைக்கிறது. நான்கு கல்லும் கொதிக்கும் குளத்தில் அது ஒரே இடத்தில் நிற்பதற்கே ஓயாமல் துடுப்படிக்க வேண்டியிருக்கும். ஒரு கல்லை ஒரு மூலையில், மேல்மட்டத்தில், மெதுவாக வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த மே மாதம் நானும் முழுதாக நிறுத்தப் போவதில்லை.

ஒரு திருத்தம் மட்டும். 2019இல் கல் கிடந்த இடம்தான் காரணம் என்றாலும், ஆகஸ்ட்டில் தொடங்கியிருந்தால் நீர் குளிர்ந்து, ஆக்சிஜன் அதிகம் தாங்கி, மீனின் தேவையும் குறைவாக இருந்திருக்கும். அதே பிழைக்கு ஒன்றோ இரண்டோ மீனோடு தப்பியிருக்கலாம்.

7. மிட்லண்ட்ஸ்_டேம் | ஆகஸ்ட் 14, மாலை 5.50

குவாசூலு-நட்டாலில் ஹோவிக் ஊரைத் தாண்டி எங்களுக்கு ஒரு பண்ணை டேம் (சிறு அணைக்குளம்) இருக்கிறது. ஆழம் நான்கு மீட்டர். குளிர்நீர் மீனான டிரவுட் விட்டிருக்கிறோம். கோய்க் குளத்துக்கும் டேமுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கணக்கன் சொன்ன இரவுக் கலக்கல் ஆழமான டேமில் குளிர்காலம் முழுவதும் நடக்கிறது. எங்கள் நீர் ஜூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு ஆக்சிஜனோடு இருக்கும். அடுக்கு பிரிவது கோடையில்தான். ஹார்ட்பீஸ்புவர்ட் போன்ற பெரிய அணைகளிலும் அப்படித்தான். செப்டம்பரில் வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி லேசாகி மிதக்கிறது. அடிநீர் காற்றைக் காணாமல் கிடந்து, சில வாரங்களில் ஆக்சிஜனை இழந்துவிடுகிறது. ஆகவே எங்களுக்கு ஆகஸ்ட்டில் காற்று இயந்திரத்தைப் போடுவது எளிது, ஆபத்தற்றது. அடுக்கு உண்டாகவே விடுவதில்லை. நவம்பரில் நினைவு வந்து போட்டால்தான் ஆபத்து, ஏனெனில் அடியிலுள்ள கெட்ட நீர் முழுவதும் ஒரே நாளில் மேலே வந்துவிடும். அரை மணியில் தொடங்கி நாள்தோறும் இரட்டிக்கும் முறை உரிய நேரத்தைத் தவறவிட்டவர்களுக்கு உரியது.

டிரவுட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கோடையில் அந்த மீன் குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே போகும். அடித்தரையில் காற்றைவிட்டு முழுவதையும் கலக்கினால் ஆக்சிஜன் கிடைக்கும், குளிர்ச்சி போய்விடும். அதனால் டிசம்பரில் எங்கள் காற்றுத்தட்டுகளை இரண்டு மீட்டருக்கு உயர்த்திவிடுகிறோம். இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

8. சாட்ஸ்வர்த்_கடலோரம் | ஆகஸ்ட் 14, இரவு 7.20

டர்பன் பக்கம் எங்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை; என் வெப்பமானி ஜூலையிலும் 16க்குக் கீழே இறங்கிக் கண்டதில்லை. ஆண்டு முழுவதும் பம்பு ஓடுகிறது. எங்கள் தொல்லை பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டிலிருந்து அது இறங்கி வீசும் நாளில் ஆகஸ்ட்டிலேயே 30 டிகிரியைத் தாண்டும். மறுநாள் தெற்கிலிருந்து குளிர் வந்து 18க்கு விழும். அந்த ஒரு நாளில் ஆழமில்லாத குளத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். மீன்கள் எல்லாம் கோடை வந்துவிட்டதென்று தீவனம் கேட்கும். கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

9. பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அக்கா | ஆகஸ்ட் 15, காலை 11.00

வணக்கம். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். வார இறுதி வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நீரைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்று மாதம் ஓடாமல் கிடந்த பம்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

அதை மூடியைத் திறக்காமல் சொருகாதீர்கள். குளிர்காலத்தில் எறும்புகளுக்கும் பல்லிக்கும் அந்தப் பெட்டி சொந்த வீடாகிவிடும். ஒரு முறை எங்கள் பம்புக்குள் எறும்புகள் மண்ணைக் கொண்டுவந்து காற்று வடிகட்டியை முழுவதும் அடைத்திருந்தன. வடிகட்டிப் பஞ்சைக் கழுவி உலர்த்துங்கள். டயாபிரம் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்றால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றுக்கற்களை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும். கல் அடைத்திருந்தால் பம்பு சூடாகும். குழாய்களைக் கழற்றி, கல் இல்லாமல் முதலில் காற்றைவிட்டு, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றுங்கள்.

பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு குழாயிலும் நீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போடுங்கள். 2022, 2023 ஆண்டுகளில் நாளுக்குப் பல முறை மின்சாரத்தை நிறுத்தும் ஆறாம் நிலை மின்வெட்டு நடந்தபோது எங்கள் பம்பு தரையில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. மின்சாரம் நின்றதும் குளத்து நீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்புக்குள் இறங்கிவிட்டது. மின்சாரம் வந்த நொடியில் எர்த் லீக்கேஜ் (மின்கசிவுக் காப்பு சுவிட்ச்) விழுந்து வீடு முழுவதும் இருண்டது. நாங்கள் அன்று ஊரில் இல்லை. ஆடிக் கூழ் ஊற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த பாலும் தயிரும் ஃபிரிட்ஜில் கெட்டன, மீனுக்கும் காற்று இல்லை. அன்றிலிருந்து பம்பு சுவரில் ஓர் ஆள் இடுப்பு உயரத்தில் தொங்குகிறது.

10. மிட்ராண்ட்_புதியவன் | ஆகஸ்ட் 24, மாலை 6.30

அனைவருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். அக்கா சொன்னபடி பெட்டியைத் திறந்தேன். பல்லி முட்டை இரண்டு இருந்தன. ஒரு டயாபிரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்ததால் இரண்டையும் மாற்றினேன்.

ஆகஸ்ட் 16 அன்று ஒரு கல்லை 80 சென்டிமீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். நீர் தெளிவாகவே இருந்தது. மீன்கள் எதிர்மூலைக்குப் போய் நின்றன. நான்காம் நாள் நான்கு மணி நேரம் ஓடியபோது லேசான நாற்றம் வந்தது. பார்த்தால் மிதவையின் கயிறு நழுவி, கல் சகதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடனே நிறுத்தி, உயர்த்திக் கட்டி, மறுநாள் இரண்டு மணியிலிருந்து தொடங்கினேன். இன்று மூன்று கற்கள், பகல் முழுவதும். சகதியில் பாதியை எடுத்துவிட்டேன். அந்தக் கரிய நீரை ரோஜாச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். விடியற்கால அடி வெப்பம் 10.5. தீவனம் தொடங்கலாமா?

11. பெனோனி_கோய்க்காரர் | ஆகஸ்ட் 25, காலை 6.15

கயிற்றைக் கவனித்தது நல்லது. தீவனத்துக்கு விடியற்கால அளவு ஒரு வாரம் தொடர்ந்து 10க்கு மேல் நிற்கட்டும். பிற்பகல் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரவில் நீர் மீண்டும் குளிரும்போது மீனின் வயிற்றில் தீவனம் செரிக்காமல் கிடக்கும். தொடங்கும்போது கோதுமை முளைக்கரு சேர்ந்த இலகுவான தீவனமாக, இரண்டு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுங்கள். அன்றிலிருந்து வாரம் இருமுறை அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் மற்றொரு நஞ்சான நைட்ரைட்டும் சோதித்துப் பாருங்கள். மீன் தின்னத் தொடங்குவதற்கும் ஃபில்ட்டர் முழுதாக விழிப்பதற்கும் இடையில் சில வாரங்கள் உண்டு. அந்தச் சில வாரங்களில்தான் ஒட்டுண்ணிகளும் தலைகாட்டும். குளிர்நீரிலும் பெருகக்கூடியவை அவற்றில் சில, ஆனால் மீனின் எதிர்ப்புச் சக்தி அப்போது இன்னும் தூக்கத்திலிருக்கும். மீன் உடலைத் தரையில் தேய்த்தாலோ துடுப்புகளை மடித்துக்கொண்டு நின்றாலோ உடனே எழுதுங்கள்.

12. மிட்ராண்ட்_புதியவன் | செப்டம்பர் 17, இரவு 9.00

இன்று புரட்டாசி முதல் நாள். அடுத்த வீட்டார் விரதச் சமையல் கொடுத்தனுப்பினார்கள். விடியற்கால அடி வெப்பம் 15 வரை வந்துவிட்டது. ஆனால் வார இறுதியில் மீண்டும் கடுங்குளிர் வரும் என்று வானிலை அறிவிப்பில் சொல்கிறார்கள். 2024இல் இதே நேரத்தில், செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதை மறக்க முடியவில்லை. அன்று அந்தச் சாலையில் சிக்கியவர்களில் என் அலுவலக நண்பரும் ஒருவர். பம்பை நிறுத்திவிடவா?

13. செஞ்சூரியன்_கணக்கன் | செப்டம்பர் 17, இரவு 9.40

வேண்டாம். கணக்கு மாறவில்லை. இரண்டு நாள் குளிரில் உங்கள் குளம் மூன்று அல்லது நான்கு டிகிரி இழக்கலாம். பம்பு ஓடினாலும் நின்றாலும் ஏறக்குறைய அதேதான். இப்போது ஃபில்ட்டர் பாக்டீரியாக்கள் விழித்துவிட்டன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நிறுத்த வேண்டியது தீவனத்தை. ஒரு கல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். மேற்பரப்பு நீர் 4 டிகிரிக்குக் கீழே போய் நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் ஊர் என்றால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

14. பெனோனி_கோய்க்காரர் | செப்டம்பர் 18, காலை 6.30

ஒப்புக்கொள்கிறேன். இதோடு இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அக்டோபரில் நான் ஊரில் இருக்க மாட்டேன். ஆகஸ்ட்டில் பகலில் ஓட்டுங்கள் என்றேன். அது நீங்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. இனி அது தலைகீழாக மாறும். நீர் 18ஐத் தாண்டியதும் பாசி பச்சையாகப் பெருகும். பகலில் பாசியே ஆக்சிஜனைத் தரும். இரவில் அதுவும் மீனைப் போல ஆக்சிஜனை உட்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மின்செலவுக்கு அஞ்சி டைமர் போடுபவர்கள் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துகிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் நிறுத்த வேண்டும்.

15. மிட்ராண்ட்_புதியவன் | அக்டோபர் 19, காலை 7.10

ஐயா சொன்னபடியே ஆயிற்று. சென்ற வாரம் முதல் இடிமழை பெய்தது. இரண்டு நாளில் நீர் பட்டாணி சூப் நிறத்துக்கு வந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். பெரிய மீன் இரண்டு காற்றுக்கல்லுக்கு நேர் மேலே, குமிழிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. அன்றே நான்காவது கல்லையும் இணைத்தேன். டைமரைக் கழற்றிவிட்டேன், இரவும் பகலும் ஓடுகிறது. மறுநாளிலிருந்து அப்படி நிற்கவில்லை.

நைட்ரைட் செப்டம்பர் கடைசியில் ஒரு முறை ஏறியது. தீவனத்தை நான்கு நாள் நிறுத்தியதும் இறங்கிவிட்டது. பதினொரு மீன்களும் நலம். ஜகரண்டா பூ கொட்டத் தொடங்கிவிட்டதால் குளத்தின் மேல் வலை கட்டியிருக்கிறேன். ஹடீடா பறவைகளுக்கும் அது தடையாக இருக்கிறது.

பெட்டியில் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. அதன் கீழே இன்னொரு தாள் ஒட்டி, விடியற்கால அடி வெப்பத்தை நாள்வாரியாக எழுதி வருகிறேன். மே மாதத்தில் மூன்று கற்களை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் மேல்மட்டத்தில் விட்டுவைப்பதாக இருக்கிறேன். அதை எந்த ஆழத்தில் வைப்பது என்று அப்போது வந்து கேட்கிறேன்.